அப்பா சாத்திய ரயில்வே கேட்

லிங்கி என்ற சிற்றூருக்குப் போகும் வழியில், ரப்பர் தோட்டத்துச் சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் அப்பா கேட்காரராக இருந்தார். ரயில் வந்தால் சாத்துவார், போனபின் திறப்பார். கேட்டுக்குப் பக்கத்திலேயே எங்கள் வீடு.

ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த சமயம் எனக்கு விவரம் தெரியாத வயது. அப்பா நாள் முழுக்க வீட்டில் இருப்பார் என்றதும் தீபாவளியே வந்துவிட்டதாகக் குதித்தேன். சங்கத்தின் கிளைச் செயலாளர் வேறு யாருமில்லை, அம்மாவின் தம்பி, என் மாமா. எந்த வேலையையும் தொடக்கூடாது, தொட்டவன் கருங்காலி என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பாவும் கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு, அந்தப் பக்கம் தலைகாட்டாமல் கோழிக்கூண்டு கட்டினார். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது தோட்டத்துப் பெண்களால்தான். மரவள்ளிக்கிழங்கும் கருவாடும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மாவோடு கதை பேசிவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் காலை வளைவுக்கு அப்பால் ரயில் ஊதியது. மேலதிகாரிகளே ஆள் பிடித்து ஓட்டிய ரயில். அதே நேரம் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கும் அந்தப் பெண்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்து லோரியும் வந்தது. கேட் திறந்திருந்தால் ரயில் இல்லை என்பதுதான் அந்த டிரைவருக்குப் பழக்கம். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

அப்பா சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கேட்டை இழுத்துச் சாத்தினார். லோரி கிறீச்சிட்டு நின்றது. ரயில் அதன்பாட்டுக்குப் போய்விட்டது. அப்பா மறுபடி வேலை பார்க்கிறார் என்ற பெருமையில் நான் கைதட்டினேன்.

மாலையில் மாமா வந்தார். அம்மா அவசரமாகக் காப்பி கலக்கப் போனார். அப்பா எழுந்து நின்றார். தன்னைவிட இளையவர் முன்னால் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

“என்னைச் சங்கத்துலேருந்து எடுத்துரு, மாப்ள” என்றார்.

“ரயிலுக்கா சாத்துனீங்க மச்சான்? லோரிக்குத்தானே. கூட்டத்துல நானே சொல்லிட்டேன்லா. உக்காருங்க.”

அப்பா உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மாமா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். லோரிக்கு ஒன்றும் ஆகவில்லை, மாமாவும் திட்டவில்லை, பிறகு எதற்கு இந்த அழுகை என்று எனக்கு விளங்கவில்லை. பாவமாக இருந்தது. அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்.

“அழாதீங்கப்பா. நாளைக்கும் ரயில் வரும், நீங்களே கேட் சாத்தலாம்.”