இடப்பக்கம் சுற்றிய கொயில்

போன சனிக்கிழமை எங்கள் பேஸ்மென்றில் குழாய் கசிந்து நிலமெல்லாம் தண்ணீர். சாமான்களை மேலே ஏற்றச் சொல்லி இவரிடம் சொன்னால் நடக்காது. இவர் என்றால் என்னுடைய மனுசன். எதையும் எறியத் தெரியாத பிறவி. உடைந்த ரோஸ்ரர், அறுந்த வயர், கதவில்லாத கதவுப்பிடி எல்லாம் "ஒருநாளைக்குத் தேவைப்படும்" என்று கீழே காத்துக்கிடக்கின்றன. நானே சேலைத்தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். அப்படித்தான் அந்த நீல பிஸ்கற் ரின் கையில் அகப்பட்டது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ரின் இருக்கும், அதற்குள்ளும் பிஸ்கற் இருக்காது. ஊசி நூல் என்று நினைத்துத் திறந்தேன்.

உள்ளே பழைய தமிழ்ப் பேப்பரில் சுற்றிய ஒரு சாமான். பிரித்ததும் செம்பும் துருவும் கலந்த மணம் மூக்கில் ஏறியது. பெருவிரல் பருமனில் ஒரு போல்ட். அதைச் சுற்றிப் பச்சை பூத்த செம்புக் கம்பி. இரும்புக் கம்பி இருந்த இடத்தில் வெறும் சிவப்புத் தூள். வேறு ஆராவது என்றால் குப்பை என்று போட்டிருப்பார்கள். நான் அதை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கம்பி எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று பார்த்தேன். இடப்பக்கம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பேரப்பிள்ளை கண்ட வயதில் இதென்ன கூத்து என்று நீங்கள் சிரிக்கலாம். நல்லாய்ச் சிரியுங்கள். ஆனால் அந்தக் கம்பிச்சுருள் மலர் சுற்றிய கொயில். நான் சுற்றிய கொயிலும் ஒன்று இருந்தது. அதைக் காணவில்லை. இத்தனை வருசமாக இந்த மனுசன் பொத்திப் பொத்தி வைத்திருந்தது அவளுடையதைத்தான்.

மலர் ஆரென்று சொல்லவேண்டும். நான் கனடா வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரு அன்ரியின் வீட்டில் மேல்மாடி அறை ஒன்றில் இருந்தேன். அறையின் மற்றக் கட்டில் மலருக்கு. மன்னார்க்காரி, வேதக்காரி, இடக்கைக்காரி. இரண்டு பேருக்கும் ஒரே பக்ரறியில் வேலை, சின்ன மோட்டர்களுக்குக் கொயில் சுற்றுவது. இந்தக் கொயில் என்ற சொல்லால் பட்ட பாடு கொஞ்சமில்லை. அம்மாவுக்கு ரெலிபோனில், "கொயில் சுத்துற வேலை அம்மா" என்றேன். லைன் இரைச்சலில் அம்மாவுக்கு அது கோயில் என்று கேட்டிருக்கிறது. "கோயில் சுத்துறதுக்குச் சம்பளமும் குடுக்கினமோ? நல்ல நாடுதான் பிள்ளை" என்று அழாக்குறையாகச் சொன்னா. நானும் திருத்தவில்லை. ஊர் முழுக்க என்னைப் பெரிய பக்தை என்று நினைத்துக்கொண்டிருந்தது.

அன்ரிக்கு ஒரு தம்பி முறையான பெடியன் பார்க்டேலில் இருந்தார். ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் லீவு. அக்காவின் மீன்குழம்புக்காக ஸ்ரீற்கார், சப்வே, பஸ் என்று மாறி மாறி ஏறி வருவார். ஆள் ஒல்லி, கதை குறைவு, கையில் எப்போதும் கறன்ற் அளக்கிற ஒரு முள்ளு மீற்றர். அந்த ஆள்தான் இப்போதைய இவர்.

ஊரில் சண்டை நடந்து பற்றறிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டவர் இவர். செம்பும் இரும்பும் சேர்த்துச் சுற்றிய கொயிலை ஈரமண்ணில் குழி தோண்டித் தாட்டால், மண்ணே பற்றறியாகும் என்று ஒரு பழைய புத்தகத்தில் அப்போது வாசித்திருக்கிறார். ஊரில் செம்பு கிடைக்கவில்லை. இங்கே கொயில் சுற்றுகிற இரண்டு பெட்டையள் அக்கா வீட்டில் இருப்பதைக் கண்டதும் ஆளுக்குக் கண் திறந்துவிட்டது. நானும் மலரும் பக்ரறியில் கழித்துவிடும் துண்டுக் கம்பிகளைக் கேட்டு வாங்கிவந்தோம்.

"கடையிலை கொத்துக் கொத்தாப் பற்றறி தொங்குது. ஒண்டை வாங்கிப் போடுங்கோவன்" என்றாள் மலர்.

"கடை பூட்டினால்?" என்றார் இவர்.

ஸ்காபரோவில் கடை பூட்டுமா என்று கேட்கத்தான் வாய் வந்தது. கேட்கவில்லை. நாங்கள் எல்லாரும் கடை பூட்டிக் கண்டவர்கள்.

வேலை தொடங்கியது. செம்பில் இருக்கிற பூச்சை இவர் அன்ரியின் அடுப்பில் எரித்து வீடெல்லாம் நாறடித்தார். என்னுடைய பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்து நாடாவாக்கினேன். செம்பும் இரும்பும் போல்டைச் சுற்றிப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவேண்டும். ஆனால் ஒன்றில் ஒன்று முட்டக்கூடாது. முட்டினால் கறன்ற் செத்துப்போகும். நடுவில் துணி. "கிட்டக் கிட்ட, ஆனா முட்டப்படாது" என்று இவர் நூறுதரம் சொல்லியிருப்பார். அன்ரி வீட்டில் எங்கள் மூவரின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

நான் வலப்பக்கம் சுற்றினேன். மலர் இடக்கை, அதனால் இடப்பக்கம். "கோயிலை ஆரும் இடப்பக்கமாச் சுத்துவினமோ? தெய்வக் குற்றமாகப் போகுது" என்று அன்ரி பகிடி பண்ணினா. அதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். என் சுற்று நெருக்கம், ஒரு மயிர் இடைவெளி இராது. பக்ரறியில் சூப்பர்வைசர் என்னுடையதைத்தான் மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டுவார். மலருடையது லொடலொடவென்று இருக்கும். இதில் நான்தான் வெல்லுவேன் என்று எனக்கு நிச்சயம். என்னத்தை வெல்ல என்று கேட்காதேயுங்கோ. உங்களுக்கே தெரியும்.

பின்வளவில் இரண்டு குழி. என்னுடையது வேலிக்கரையில். மலருடையது தண்ணீர்ப் பைப்புக்குக் கிட்ட, அன்ரியின் முந்திரிகைக் கொடிக்கு, அதுதான் திராட்சைக் கொடிக்கு, கீழே. அடுத்த ஞாயிறு இவர் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே நேரே வளவுக்குப் போய் மீற்றரைப் பிடித்தார். முதலில் என்னுடையது. முள்ளு கொஞ்சம் எழும்பி நின்றது.

"பரவாயில்லை" என்றார்.

பிறகு மலருடையது. முள்ளு துள்ளிக்கொண்டு போனது.

"அட!" என்றார்.

அவ்வளவுதான். என் வயிறு எரியத் தொடங்கியது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். ஒவ்வொரு கிழமையும் அதே கதை. எனக்குப் "பரவாயில்லை", அவளுக்கு "அட!" நான் புதுச் சுவெற்றர் போட்டுக்கொண்டு என் குழிக்குப் பக்கத்தில் நிற்பேன். இவர் அங்கே கொடிக்குக் கீழே குந்தியிருப்பார், மலரும் எதிரே குந்தியிருப்பாள். அவள் சிரித்தால் வேலிக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரக் கிழவரும் எட்டிப்பார்த்துச் சிரிப்பார். அவளுக்கு அந்தக் கொயிலில் அக்கறையே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நான் என்னுடையதை மண்ணிலிருந்து கிளப்பி, விரல் வெடிக்க வெடிக்க இன்னும் இறுக்கிச் சுற்றித் தாட்டேன். "பரவாயில்லை."

பிறகு கந்தசஷ்டி வந்தது. அன்ரி ஆறு நாளும் விரதம், வீட்டில் மீன் மச்சம் கிடையாது. மழையும் விடாமல் பெய்தது. இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை இவர் மீற்றரைப் பிடித்தால், மலரின் முள்ளு படுத்துவிட்டது. என்னுடையதிலும் கீழே! இவர் மீற்றரைத் தட்டினார், வயரை மாற்றினார், தலையைச் சொறிந்தார்.

"என்ன, மண்ணும் விரதமோ?"

அவர் பகிடிக்குத்தான் கேட்டார். எனக்கு மண்டையில் பளிச்சென்றது. அந்த வீட்டில் மீன் வெட்டுகிறது மலர்தான், மன்னார்க்காரிக்கு அதில் ஆரும் கிட்ட வரமுடியாது. உப்புப் போட்டு உரஞ்சிக் கழுவி, மீன் கழுவின தண்ணியை அன்ரி சொன்னபடி முந்திரிகைக்கு ஊற்றுவாள். எங்கள் ஆட்கள் மீன் தண்ணியைச் சும்மா ஊற்றமாட்டார்கள், ஒரு மரத்தடிக்குத்தான் போகவேண்டும். கொடிக்குக் கீழேதானே அவளுடைய கொயில்!

"மீன் தண்ணி! அவள் ஊத்தின மீன் தண்ணி! கொயிலாலை வந்த வோல்ற் இல்லை உது!" என்று கத்தினேன். வளவே அதிர்ந்தது. இனி இவர் என் குழிக்குத்தான் வருவார் என்று நினைத்தேன்.

இவர் என்னைப் பார்த்தார், பிறகு மலரின் குழியைப் பார்த்தார். "அட! உப்பு!" என்றார். உள்ளே ஓடிப்போய் அன்ரியின் உப்புப் போத்தலை எடுத்துவந்தார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இவரும் மலரும் கொடிக்கடியில் உப்புக் கரைத்து ஊற்றி விளையாட்டுத்தான். கண்டுபிடித்தது நான், "அட" போனது அவளுக்கு. அந்தக் கொடி கடைசிவரை ஒரு பழம் காய்க்கவில்லை என்பது வேறு கதை.

மண் இறுகி, பனி மூடியது. அந்தக் குளிருக்குள் மலருக்கு லண்டனில் மாப்பிள்ளை பொருந்தியது. எயார்போட்டில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். என் அழுகையில் எவ்வளவு கவலை, எவ்வளவு சந்தோசம் என்று அப்போதும் பிரித்துப் பார்க்கவில்லை, இப்போதும் பார்க்கமாட்டேன். பனி கரைந்ததும் இவர் வந்து மலரின் கொயிலைக் கிளப்பினார். மண்ணைத் தட்டிவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு கொடிக்கடியில் கனநேரம் இருந்தார். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னுடைய குழிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அடுத்த வருசம் அன்ரி என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, தம்பிக்கு உன்னைக் கேக்கட்டோ?" என்றா. நான் ஓம் என்றேன். மலர் இங்கே இருந்திருந்தால் என்னைக் கேட்டிருப்பீர்களோ என்று கேட்க வாய் வரவில்லை. கலியாணம் கட்டி, அன்ரியின் பேஸ்மென்றிலேயே குடியிருந்து, இரண்டு பிள்ளைகளையும் பெற்றோம். பிறகு இந்த வீட்டை வாங்கி மாறின அன்று, லொறியில் சாமான் ஏற்றி முடிந்து எல்லாரும் காத்திருக்க, இவர் மழைக்குள் பின்வளவுக்குப் போய்விட்டார். ட்ரைவர் ஹோர்ன் அடிக்கிறான், ஆள் வரவில்லை. கொடிக்கடியில் நின்று அவளை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். வந்து ஏறினபோது நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மலர் இருந்திருந்தால் என்ற அந்தக் கேள்வி மட்டும் என் தொண்டையிலேயே கிடந்தது. நான் வைக்கிற கறிக்கு இவர் "பரவாயில்லை" சொல்லும்போதெல்லாம் அது அசையும்.

சரி, போன சனிக்கிழமைக்கு வாறேன். கொயிலைத் தூக்கிக்கொண்டு மேலே போய் இவருக்கு முன்னால் வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, இதென்ன?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அட! மலரின்ரை."

இன்னும் "அட!"

"அவளின்ரையைப் பொத்தி வைச்சிருக்கிறியள். என்ரை எங்கை?"

இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உம்மடை அங்கைதான் கிடந்தது. நான் கிளப்பேல்லை."

"ஏன் கிளப்பேல்லை? அவளின்ரையைக் கிளப்பத் தெரிஞ்சுதெல்லோ?"

"அது செத்துப்போச்சு. உப்பு இரும்பைத் திண்டுபோட்டுது. செத்தபடியால்தான் கிளப்பினன். உம்மடையிலை கறன்ற் ஓடிக்கொண்டெல்லோ கிடந்தது. ஓடுறதை ஆராவது கிளப்புவினமே?"

"ஓடினது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"வீடு மாறின அண்டைக்குப் போய் மீற்றர் பிடிச்சுப் பாத்தனான். ஒருத்தரும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தேல்லை, அத்தினை பனியும் பாத்திட்டுது. முள்ளு எழும்பி அப்பிடியே நிக்குது. எனக்கே 'அட!' எண்டு வாயிலை வந்திட்டுது."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் லொறிக்குள்ளை மூஞ்சையை நீட்டிக்கொண்டெல்லே இருந்தனீர்."

செத்ததை ஏன் இவ்வளவு காலம் வைத்திருந்தீர்கள் என்றும் கேட்டேன். "எறிய மனம் வரேல்லை" என்றார். உடைந்த ரோஸ்ரருக்கும் அதே பதில்தான் என்று மனதை ஆற்றிக்கொண்டேன். முழுக்க ஆறியது என்று சொல்லமாட்டேன். ரின்னை மூடி, தண்ணீர் எட்டாத தட்டில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காரை எடுக்கச் சொன்னேன். அன்ரி செத்து, பிள்ளைகள் வீட்டை விற்றது தெரியும். பிறகு அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை. அன்ரி வீடும் பக்கத்து வீடுகளும் இருந்த இடத்தில் கண்ணாடிக் கொண்டோ மாடிக்கட்டடம் ஒன்று நிற்கிறது. கொடியும் இல்லை, வேலியும் இல்லை. வேலிக்கரை இருந்த இடம் எது என்று மட்டிட்டுப் பார்த்தால், அண்டர்கிரவுண்ட் பாக்கிங்குக்குக் கார் இறங்குகிற வாசல். அந்தப் பாக்கிங்குக்குத் தோண்டின மண்ணோடு மண்ணாக என்னுடையதையும் லொறியில் ஏற்றிக் கொண்டுபோயிருப்பார்கள்.

இவர் கார்க் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "ஓடிக்கொண்டுதான் போயிருக்கும்" என்றார்.

அந்த வளவில் எனக்கென்று ஒரேயொரு "அட!" விழுந்திருக்கிறது. அது விழுந்த நேரம் நான் லொறியின் முன்சீற்றில், மலரை நினைத்து வயிறெரிந்துகொண்டு இருந்திருக்கிறேன்.