மாடு இல்லாத சாப்பாடு

வெள்ளவத்தையில் நாலாம் மாடி ஃபிளாட் ஒன்றில் அக்கா, நான், அக்காவின் பூனை. அத்தான் காலமாகி, மகனும் கனடாவுக்குப் போன பிறகு, அக்கா "பிள்ளை" என்று கூப்பிட்டது அந்தப் பூனையை மட்டுந்தான். அக்கா சுத்த சைவம். நான் காலி வீதிக் கடையில் மீன் பொரியலோடு ஒரு பிடி பிடித்து, வாயைக் கொப்பளித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வருகிறவன். பூனைக்கு அந்த வழியும் இல்லை. நாலாம் மாடிக்கு எந்த எலி ஏறி வரும்?

முன்பு வெளிநாட்டுப் பக்கெட் சாப்பாடு வாங்கினோம். இறக்குமதி நின்றபோது அது கடைகளில் இல்லாமற் போயிற்று. பிறகு எங்கள் லேன் முனைக் கடையில் பொலித்தீன் பைகளில் கட்டிய தீனி உருண்டைகள் தொங்கின. பைக்குள்ளே உருண்டைகள் நன்றாகத் தெரிந்தன. எங்கே செய்தது, என்ன போட்டுச் செய்தது என்பது மட்டும் எங்கும் எழுதியிருக்கவில்லை. அக்கா கடைக்காரனிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இதில மாடு இருக்கோ?"

"சீச்சீ, மாடு மருந்துக்கும் இல்லை அக்கா."

எங்கள் ஆட்களுக்கு அது போதும். மாடு இல்லை என்று சொன்னால் நஞ்சையும் நம்பி வாங்குவோம். பக்கெட்டுகள் திரும்பி வந்த பிறகும் அக்கா மாறவில்லை. அவற்றில் மாடு கலந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம்.

பூனை கிண்ணத்தை வழித்துத்தான் தின்றது. ஆனால் பக்கத்து ஃபிளாட்டில் மீன் பொரித்தால் போதும், குசினி ஜன்னலில் ஏறி நின்று கத்தும்.

"கள்ளிக்கு நாக்கு ருசி கேக்குது," என்று சிரித்துக்கொண்டே அக்கா ஜன்னலைச் சாத்துவார்.

இந்த வருடம் அது கதவு நிலையில் முட்டத் தொடங்கியது. சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கியது. களுபோவிலவில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். சிங்களப் பெண், பொறுமைசாலி. கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு, என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்றார். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"மஸ் நே டொக்டர், மஸ் மொகுத்ம நே!" இறைச்சி மருந்துக்கும் இல்லையாம். கடைக்காரன் மாடு இல்லை என்றதை அக்கா அப்படித்தான் எடுத்திருந்தார்.

வைத்தியர் குழாயைக் கழற்றி மேசையில் வைத்தார். பூனை சைவம் இருக்க முடியாது என்றார். இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஒரு சத்து கிடைக்காவிட்டால் கண் போகும், இதயம் தளரும். போன கண் திரும்பாது, இதயத்துக்கு மருந்து தருகிறேன், இன்றே மீன் கொடுங்கள் என்றார்.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. நேரே கடைக்குப் போனேன்.

"என்ன சாமானடா இது?"

"நாய்க்கு வந்த மூடை அண்ணே. சோளமாவும் தவிடுந்தான் கூடுதல். நாங்கள் சின்னனாக் கட்டி விக்கிறது."

"பூனைக்கெண்டு தெரிஞ்சுதானே குடுத்தனீ?"

"அக்கா மாடு இருக்கோ எண்டுதானே கேட்டவ? மாடு இல்லைத்தானே. நான் பொய் சொல்லேல்லையே."

கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். ஆனால் அந்த நாசமறுப்பான் பொய் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. அக்கா குளித்து, திருநீறு பூசி, விளக்கேற்றினார். பிறகு அதே குசினியில், என்னிடம் வாங்கிவரச் சொன்ன சூரை மீனைச் சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவித்தார். பூனை மணம் பிடித்து, ஒன்றிலும் முட்டாமல் அவருடைய காலடிக்கு வந்தது. இரண்டு வாய் தின்றது. அதற்குமேல் தின்ன மூச்சு இடங்கொடுக்கவில்லை, படுத்துவிட்டது. மருந்தும் மீனும் பிந்திப்போயின. ஞாயிறு விடியச் செத்துக் கிடந்தது.

நேற்றுப் பக்கத்து ஃபிளாட்டில் மீன் பொரித்தார்கள். பழக்கதோஷத்தில் நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"விடு," என்றார் அக்கா. "அது வாய்விட்டுக் கேட்டது. நான்தான் ஜன்னலைச் சாத்தினனான்."