நிலா வண்டிக்கு ஒரு கோல்

வீடு பெருக்கும்போது காலில் ஏதோ குத்தியது. நிலாவுக்குப் போகும் வண்டி ஒன்றைத் தம்பி மகள் கட்டிவிட்டு மிச்சம் போட்ட பிளாஸ்டிக் கட்டை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்தேன்.

சின்ன வயதில், பழவேற்காட்டில், இந்தக் கட்டைகளை நான் முதலில் பார்த்தது என் சிநேகிதி மும்தாஜ் வீட்டில். அவள் அத்தா துபாயிலிருந்து கொண்டுவந்த பெட்டி. இருவரும் கையளவு நிலா வண்டி ஒன்று கட்டினோம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு ஒரே கவலை, வழியில் காற்று விழுந்துவிட்டால் என்ன செய்வது? மீன் பிடிக்கப் போகும் என் நைனா, ஏரியில் காற்று நின்றால் கோலைத் தரையில் ஊன்றித்தான் படகைத் தள்ளி வருவார். அதனால் வண்டியின் பக்கத்தில் ஓர் ஈர்க்குச்சியைச் செருகினேன்.

மும்தாஜ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வானத்துல கோலை எங்கடி ஊனுவே? புடுங்கு. இல்லைன்னா நாளைக்கு வராதே."

பிடுங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் நைனா படகு மட்டும் திரும்பவில்லை. குச்சியைப் பிடுங்கியதால்தான் என்று நினைத்தேன். மும்தாஜ் வீட்டுக்கு ஓடி, அவள் கத்தக் கத்த அதைத் திரும்பச் செருகிவிட்டுக் கரைக்கு வந்து நின்றேன். நன்றாக இருட்டிய பிறகு நைனா சோர்ந்துபோய் இறங்கினார்.

"இன்னாத்துக்கும்மா அழுவுறே? காத்து வுழுந்துச்சு, கோலும் ஒடிஞ்சிபோச்சு. இப்பதான் ஒருத்தன் கோல் குடுத்தான்."

மும்தாஜ் அதன்பிறகு என்னை விளையாட்டில் சேர்க்கவில்லை.

தம்பி மகளின் வண்டி அழகாகத்தான் இருந்தது. துடைப்பத்தில் ஒரு குச்சியை ஒடித்து அதன் பக்கத்தில் செருகினேன்.

"இது இன்னாத்துக்கு அத்தை?"

"இருக்கட்டும். புடுங்கிடாதே."