ஊசி எனக்கு, இளைத்தவர் அவர்

கழுத்தின் பின்புறம் கறுத்திருந்ததை முதலில் அழுக்கு என்றுதான் நினைத்தேன். என் கணவர் தேவராஜ் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துவிட்டார். தோல் எரிந்ததே தவிர கறுப்பு போகவில்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசராக இருக்கிறேன். எடை கூடிக்கொண்டே போய், மெஷின்களுக்கு நடுவே நடந்தாலே மூச்சு வாங்கியது. வேலூரில் டாக்டர் கழுத்தைப் பார்த்ததுமே, "இது அழுக்கு இல்லம்மா, இன்சுலின் எதிர்ப்பு" என்றார் (இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரியாக இணங்காத நிலை). கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்திருந்தது.

அங்கே ஒரு புது மருந்துக்கான ஆராய்ச்சி நடந்தது. செயற்கை பெப்டைடு (வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் குடல் ஹார்மோனைப் போல ஆய்வகத்தில் செய்த சிறு புரதத் துண்டு). வாரம் ஒரு ஊசி. சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் திரவம். யாருக்கு எது என்று ஆராய்ச்சி முடியும்வரை டாக்டருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சம்மதித்தேன்.

வீட்டில் ஊசி போடுவது தேவராஜ். முதல் தடவை ஊசியைக் கையில் எடுத்ததும் சொன்னார்: "வலிக்குதுன்னு மட்டும் சொல்லாத. அப்பால நான் போட மாட்டேன்."

சில வாரங்கள் குமட்டல். அது அடங்கியபோது பசியும் அடங்கியிருந்தது. அடுத்து என்ன சாப்பிடலாம் என்று என் தலைக்குள் ஓயாமல் ஓடிய பேச்சு நின்றுபோனது. இரண்டு வாய்க்கு மேல் இறங்காது; தட்டோடு எழுந்துவிடுவேன். எடை குறைந்தது. பூரித்துப்போனேன்.

ஒரு ஞாயிறு சர்ச்சுக்குப் புறப்படும்போது, தேவராஜ் தன் பெல்ட்டில் ஆணியால் புதுத் துளை போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் கன்னம் ஒட்டியிருப்பதைக் கவனித்தேன். தோல் தொழிற்சாலையில், தோலுக்குச் சாயம் அடிக்கும் ஸ்ப்ரே பிரிவில் வேலை செய்பவர். நுரையீரலில் ஏதாவதோ என்று பயந்து, என் அடுத்த பரிசோதனைக்கு அவரையும் இழுத்துப் போனேன். ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை.

"நல்லா சாப்பிடறீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

தேவராஜ் தரையைப் பார்த்தார். "இவ ரெண்டு வாயோட எழுந்துக்கறா சார். நான் மட்டும் இன்னான்னு சாப்பிடறது? இறங்க மாட்டேங்குது."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஊசி அவங்களுக்கு. நீங்க சாப்பிடுங்க. நீங்களும்தாம்மா, முட்டை, பருப்பு கம்மி பண்ணாதீங்க. கொழுப்போட தசையும் கரைஞ்சிடும்."

திரும்பும் பஸ்ஸில், "ஏங்க, வாயைத் தொறந்து சொல்லக்கூடாதா? உசுரே போய்டுச்சு" என்று திட்டினேன்.

"நீ ஆசையா இளைக்கற. அதுல போயி இன்னாத்துக்குப் பேஜாரு பண்றதுன்னு வுட்டுட்டேன்."

பள்ளிகொண்டா தாண்டும்வரை அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தன.

அன்றிலிருந்து பசி இல்லாவிட்டாலும் நான் பாதியில் எழுந்ததில்லை. ஒரு முட்டையை வைத்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை மெதுவாக மென்றேன். இதே ஊசியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: எதிரில் உட்கார்ந்திருப்பவரின் தட்டையும் பாருங்கள்.

ஆராய்ச்சி முடிந்து ஊசி நின்றது. எனக்கு வந்தது மருந்துதான் என்றார்கள். டாக்டர் எச்சரித்தபடியே எடை கொஞ்சம் திரும்பியிருக்கிறது. பசியும் வந்துவிட்டது. முன்பெல்லாம் அது வந்த கணமே எதையாவது வாயில் போட்டு அடக்குவேன். இப்போது அது மெல்ல ஏறுவதை என்னால் உணர முடிகிறது. கொஞ்ச நேரம் அதோடு இருக்கவும் முடிகிறது.

அவர் ஷிப்ட் முடிந்து வரத் தாமதமானால் போன் செய்கிறேன். "பசிக்குதுங்க, சீக்கிரம் வாங்க."

"நெஜமாவே பசிக்குதா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார், நல்ல சேதி கேட்டவர் போல.