வெளிப்பக்கம் வைத்த தாழ்ப்பாள்

சவரிராஜ் சொன்ன பேச்சை இரும்பு கேட்கும். மனிதர்களிடம் பேசத்தான் அவருக்கு வராது. தேக்காவில் ஒரு பின்சந்தில் தகரக் கொட்டகை போட்டு, அடுக்குமாடி வீடுகளுக்குக் கம்பிக் கதவு செய்துகொண்டிருந்தார். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. ஆனால் ஒரு வாசலை நின்று பார்த்தால் போதும், எத்தனை கம்பி, கீல் எங்கே, பூட்டு எங்கே என்று மனசுக்குள் கணக்கு ஓடிவிடும். எண்பத்தாறில் புக்கிட் பாஞ்சாங் பக்கம் புதுக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. வீட்டுச் சாவி கைக்கு வந்தவன் முதலில் தேடியது கதவுக்காரனைத்தான். வேலைக்குக் குறைவே இல்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் கோயிலுக்குப் பின்னாலுள்ள அறையில் மாதா சபை கூடும். பதினாலு பேர். மேசை நடுவில் மாதா சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, அந்த வாரம் செய்த நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளியைப் பார்த்திருப்பார். இன்னொருத்தி பூசைக்கு வராத குடும்பத்தைத் தேடிப்போய்ப் பேசியிருப்பாள். தலைவர் எட்மண்ட் ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதுவார். சவரிராஜ் முறை வரும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த வாரம் ஒண்ணுமில்ல சார்" என்பார். மூன்று வருஷமாக அதே பதில். எட்மண்ட் பேனாவைக்கூட எடுப்பதில்லை, அடுத்த ஆளைப் பார்ப்பார்.

எட்மண்ட் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கிற குரல் அவருடையது. பங்குச் சாமியாரே எதற்கும் அவரைக் கேட்டுத்தான் செய்வார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் சவரிராஜைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சவரி, புது வீட்டுக்கு வாசல் கேட் ஒண்ணு வேணும். அதோட உள்ளயும் ஒரு சின்ன வேலை. நம்ம பிரிஜட்டுக்காக."

பிரிஜட் எட்மண்டின் தங்கை. முப்பது வயசு ஆகியும் பேச்சும் புத்தியும் ஆறு வயசைத் தாண்டவில்லை. வலிப்பும் வரும். கோயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்லாப் பாட்டையும் அரை வரி பிந்திப் பாடுவாள். பின்னால் இருப்பவர்கள் சிரிப்பார்கள், அவளும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அம்மா செத்த பிறகு அவளைக் கைவிடாமல் வைத்திருக்கிறார் என்று பங்கே எட்மண்டைக் கொண்டாடியது.

பத்தாவது மாடி வீடு. வாசல் கேட்டைப் பொருத்திவிட்டு உள்ளே போனால், எட்மண்ட் காட்டியது சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூமை. அதற்கும் ஒரு கம்பிக் கதவு வேண்டும் என்றார். ஜன்னல் கிடையாது. ஒரு மெத்தை போட்டிருந்தது. அதற்குமேல் கால் வைக்க இடமில்லை.

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம் சார்?"

"வெளிய."

"உள்பக்கம்?"

"உள்பக்கம் எதுக்கு லா? நானும் வொய்ஃபும் காலைல ஏழு மணிக்குக் கிளம்பினா சாயந்திரம் ஏழுக்குத்தான் வர்றோம். அடுப்பு இருக்கு, ஜன்னல் இருக்கு, பத்தாவது மாடி. எல்லாம் அவ பாதுகாப்புக்குத்தான்."

"பாத்ரூம் போகணும்னா?"

"வாளி வச்சிருக்கோம்."

சவரிராஜ் பென்சிலைக் காதில் சொருகினார். பாசிர் ரிஸ்ஸில் ஒருவருக்கு நாய்க்கூண்டு செய்தபோது, நாய் திரும்பிப் படுக்க இடம் பத்தாது என்று சண்டை போட்டு அளவை மாற்ற வைத்த ஆள் அவர். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. எதிரே நின்றவர் தலைவர். அதோடு, இந்தச் செவ்வாய்க்கிழமை எழுந்து நின்று சொல்ல ஒரு காரியம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷமும் அப்போதே உள்ளே குறுகுறுத்தது. இதைப் பிற்பாடு நினைத்துத்தான் அவர் அதிகம் கூனிப்போனார்.

மறுவாரம் வெல்டிங் செட்டோடு போனபோது, பிரிஜட் மெத்தைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"மாமா, என்ன செய்றீங்க?"

"கதவு செய்றேன்மா."

"யாருக்கு?"

"உனக்குத்தான். இந்தா, இந்த வெளிச்சத்தப் பாக்கக்கூடாது, கண்ணு போயிடும். கையால பொத்திக்கோ."

இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். வேலை முடிந்தது. எட்மண்டின் மனைவி தேநீர் போட்டுக் கூப்பிட்டாள். கூடத்தில் உட்கார்ந்து குடித்துவிட்டு, எட்மண்டோடு திருவிழா விஷயம் பேசிவிட்டு, சாமான்களை எடுக்க அரைமணி கழித்து உள்ளே வந்தால், பிரிஜட் அப்படியே கண்ணைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, இன்னுமா?"

"நீங்க எடுக்கச் சொல்லலியே மாமா."

அந்தச் செவ்வாய்க்கிழமை சவரிராஜ் எழுந்து நின்று, "தலைவர் தங்கச்சி பாதுகாப்புக்காக ஒரு கம்பிக் கதவு செஞ்சு கொடுத்தேன். கூலி வாங்கல" என்றார். எட்மண்ட் பேனாவை எடுத்தார். பக்கத்திலிருந்த அல்போன்சம்மாள், "மாதா ஒங்களக் கைவிட மாட்டா, அண்ணே" என்றாள். வீட்டுக்குப் போனதும் மனைவி பிலோமினம்மாளிடம் அதை இரண்டு தடவை சொன்னார்.

அதன்பிறகு பிரிஜட் கோயிலுக்கு வரவில்லை. தூரம், பஸ்ஸில் கூட்டி வர முடியவில்லை என்றார் எட்மண்ட். சரி என்றார்கள். சவரிராஜும் சரி என்றார்.

எட்டு மாசம் கழித்துக் கொட்டகைக்கு ஒரு போன் வந்தது. அவர் செய்கிற ஒவ்வொரு வாசல் கேட்டிலும் பெயரும் நம்பரும் அடித்த சின்னத் தகடு இருக்கும். எட்மண்ட் வீட்டுத் தகட்டைப் பார்த்துப் பேசுவதாகச் சொன்னாள் பக்கத்து வீட்டுக் கதீஜா. தனக்கும் ஒரு கேட் வேண்டும், அளவெடுக்க உடனே வரவேண்டும் என்றாள். போனார். அவள் வாசலில் ஏற்கெனவே நல்ல கேட் இருந்தது.

"இதுக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறைச்சலும் இல்ல. இப்படி வாங்க." அவரை நேரே சமையலறைக்குக் கூட்டிப்போனாள். அவள் ஜன்னலிலிருந்து பார்த்தால் எட்மண்ட் வீட்டுச் சமையலறை தெரியும். மூலையில் ஸ்டோர் ரூம் கதவு. அதில் கைமுட்டி அளவு பூட்டு. கம்பிக்குப் பின்னால் பிரிஜட். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். முழங்கையெல்லாம் புண்.

"உள்ள இருக்கிற கதவையும் நீங்கதானே செஞ்சீங்க? வெல்டிங் வெளிச்சம் என் சுவத்துல அடிச்சுச்சு. ஏதோ அலமாரி செய்றாங்கன்னு நெனச்சேன்."

"அது… வலிப்பு வரும்னு…"

"வலிப்பு வந்தா யாரு தூக்குவா, பூட்டா?" என்றாள் கதீஜா. "கவர்மெண்டு வெல்ஃபேர்லேருந்து ஒரு ஆளு வந்துட்டுப் போனாரு. சனிக்கிழமை வந்தாரு. அன்னைக்குக் கதவு தெறந்து கெடந்துச்சு, அவ புதுச் சட்டை போட்டு உக்காந்திருந்தா. நான் ஜன்னல்ல பாத்தவ, அவ்வளவுதான். நீங்க செஞ்ச ஆளு. நீங்க வந்து சொல்லுங்க அண்ணே."

அப்போது பிரிஜட் தலையைத் தூக்கினாள். ஜன்னலில் நின்ற சவரிராஜை அடையாளம் தெரிந்துகொண்டாள். உடனே இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

அவர் பத்து மாடியும் படியிறங்கினார். மின்தூக்கி இருந்ததுகூட ஞாபகம் வரவில்லை.

நேரே வெல்ஃபேருக்குப் போயிருக்க வேண்டும். சவரிராஜ் போனது சாமியாரிடம். கோயில் ஆள் விஷயத்தைக் கோயிலில் சொல்வதுதான் முறை என்று அவருக்கு அறுபது தடவை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சாமியார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எட்மண்ட்கிட்ட நான் பேசறேன். இந்த மாசம் திருவிழா. வெளியாளுங்க வாயில நம்ம கோயில் பேரு விழ வேணாம், பாத்துக்கோங்க."

"சரி சாமி."

அந்தச் செவ்வாய்க்கிழமை எட்மண்ட் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "என்ன சவரி, சாமிகிட்டப் போனீங்களாமே. அந்தக் கதவ நானா செஞ்சேன்? நீங்க செஞ்சதா நீங்களே சொல்லி நோட்டுல இருக்கு. படிச்சுக் காட்டட்டுமா?"

சவரிராஜ் கையிலிருந்த நாற்காலியை அடுக்கினார். அதற்கடுத்த நாற்காலியையும் அடுக்கினார். அப்படியே மூன்று வாரம் போனது. கதீஜா இரண்டு முறை போன் செய்தாள். தான் இல்லை என்று கொட்டகைப் பையனைச் சொல்லச் சொன்னார்.

மூன்றாவது முறை அவரே எடுத்துவிட்டார்.

"விழுந்து கெடக்கா. காலைலேருந்து கூப்பிடறேன், அசையல. ஆம்புலன்ஸ், ஃபயர்காரங்களுக்கு நைன் நைன் ஃபைவ் அடிச்சிட்டேன். நீங்களும் வாங்க!"

வேனை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. அவர் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு ஆட்கள் வாசல் கேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். திருடன் எந்தக் கம்பியை நெம்புவான், எந்தக் கீலைத் தூக்குவான் என்று யோசித்து யோசித்து அவர் செய்த கேட். நெம்பினால் வளையவில்லை, தூக்கினால் கழலவில்லை. அவர்களில் ஒரு மலாய்க்காரர் வேர்த்துப்போய், யார் இதைச் செய்த பாவி என்று அவர் பாஷையில் கேட்டார். சவரிராஜ் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு, எங்கே அறுக்க வேண்டும் என்று விரல் வைத்தார். வெளிக்கதவுக்குக் கால்மணி. உள்கதவை அவரே அறுத்தார். கிரைண்டர் பொறி பறந்தது. இந்த முறை கண்ணைப் பொத்த அவளுக்கு நினைவில்லை.

உயிர் இருந்தது. விழுந்ததில் தோள் எலும்பு உடைந்திருந்தது. உடம்பில் பழைய புண், புதுப் புண் எல்லாம் பார்த்து டாக்டர் போலீசுக்கும் வெல்ஃபேருக்கும் எழுதினார். எட்மண்ட் ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடையோடு வந்தார். அன்று ஒருநாள்தான் பூட்டினோம், காய்ச்சலில் எழுந்து நடந்தாள் என்று சொன்னார். தோள் கூடியதும் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கையெழுத்துக்குத் தயாராக நின்றார். சபையில் பன்னிரண்டு பேர் அவர் நல்லவர் என்று காகிதம் எழுதிக் கொடுத்தார்கள்.

சவரிராஜையும் வெல்ஃபேரிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் சாமியார் ஆள் விட்டு அழைத்தார்.

"எதுக்கு இந்தக் கதவுன்னு எனக்குத் தெரியாது, சாமான் வைக்கிற ரூம்னு நெனச்சேன்னு சொல்லிடுங்க. ஒங்க மேல ஒண்ணும் வராது. நான் ஒங்களுக்காகத்தான் சொல்றேன்."

வீட்டில் பிலோமினம்மாள் சோறு போட்டுக்கொண்டே, "சாமி சொல்றபடி சொல்லிட்டு வந்துடுங்க. நீங்கதானே அறுத்து வெளிய எடுத்தீங்க? எல்லாரும் ஒங்களப் பெருமையாத்தான் பேசறாங்க" என்றாள். சவரிராஜ் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பாதியில் எழுந்து கையைக் கழுவினார்.

அதிகாரியின் பெயர் சுப்பிரமணியம். நெற்றியில் திருநீறு, வயசு முப்பதுக்குள். நம் கோயில் அசிங்கத்தை இந்தப் பிள்ளை முன்னால் கொட்ட வேண்டியிருக்கிறதே என்று சவரிராஜுக்கு உடம்பு சுருங்கியது.

"கதவு செய்யும்போது, எதுக்குன்னு சொன்னாங்களா அண்ணே?"

சாமியார் கொடுத்த பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லிவிட்டால் அவர் தப்பிப்பார். எட்மண்டும் தப்பிப்பார். பிரிஜட் அந்த மெத்தைக்குத் திரும்பிப் போவாள்.

"சொன்னாங்க. காலைல ஏழுலேருந்து சாயந்திரம் ஏழு வரைக்கும். உள்ள வாளி. உள்பக்கம் தாழ்ப்பாள் வேணாம்னாங்க. முத நாளே சொன்னாங்க."

"அவங்கள உள்ள வச்சுப் பூட்டத்தான்னு ஒங்களுக்குத் தெரியுமா? யோசிச்சுச் சொல்லுங்க. இது ஒங்களையும் பாதிக்கும்."

"தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன்."

சுப்பிரமணியம் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"ஏன்?"

"எங்க சபையில, வாராவாரம் என்ன நல்லது செஞ்சேன்னு சொல்லணும். எனக்குச் சொல்ல ஒண்ணுமிருக்காது." சவரிராஜ் மேசை விளிம்பைப் பார்த்துப் பேசினார். "அதுக்குத்தான் செஞ்சேன். போன மாசம் ஜன்னல் வழியாப் பாத்தேன். அதுக்கப்புறமும் மூணு வாரம் சும்மா இருந்தேன். அதையும் எழுதிக்கோ தம்பி."

எழுதினான். வாசித்துக் காட்டினான். சவரிராஜ் தமிழில் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிப்போனது.

"இது போதும் அண்ணே. இனிமே அவங்கள அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். சிஸ்டர்ஸ் நடத்துற ஒரு இல்லத்துல இடம் கேட்டிருக்கோம்." அவர் எழுந்திருக்காததைப் பார்த்துவிட்டு, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றான்.

"அவ கேட்டா, யார் அதைச் செஞ்சதுன்னு கேட்டா, என் பேரைச் சொல்லுங்க."

"அவங்க அப்படியெல்லாம் கேக்கமாட்டாங்க அண்ணே. நேத்துப் போயிருந்தேன். கதவு செய்ற மாமா எப்ப வருவாருன்னுதான் கேட்டாங்க."

சவரிராஜ் எழுந்தார். கதவு திறந்துதான் கிடந்தது. அது எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டு அந்த அறையிலேயே நின்றார்.