மெயினருவியில் ஐந்து மாவீரர்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் நாங்கள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். இதழுக்கு ஒரே ஒரு பிரதி. ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொடுக்கும் அண்ணாச்சி ஒருவர்தான் ஆசிரியர். எழுதுவது அவர் கை. என் எழுத்தை என்னாலேயே வாசிக்க முடியாது. இதழ் வீடு வீடாகப் போகும். படித்தவர்கள் கடைசித் தாளில் அபிப்பிராயம் எழுதியாக வேண்டும்.

அந்த வருஷம் குற்றாலம் சீசனுக்கு வந்த பம்பாய்க் குடும்பம் ஒன்று, வாடகை வீட்டில் விட்டுப்போன இங்கிலீஷ் படக்கதைப் புத்தகம் என் கைக்கு வந்தது. அபார சக்தி கொண்ட சிலர் அணி சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றுகிறார்கள். காப்பாற்றியது போக மிஞ்சும் பக்கங்களில் ஒரு சிரிப்புக் கதை. எனக்கு வயது இருபத்திரண்டு. தமிழுக்கு இது அவசரமாகத் தேவை என்று பட்டது.

ஆசிரியரிடம் போனேன்.

“படம் யாருலே வரைவா?”

“நான்தான் அண்ணாச்சி.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சரி, ஒரு தடவ மொதப் பக்கத்துல போடுதேன். படிக்கவங்க ஒப்புனா அந்தப் பக்கம் எப்பவும் ஒனக்கு. இல்லன்னா அங்கன என் வெண்பாவப் போட்டுருவேன்.”

அவருடைய வெண்பாக்களிடமிருந்து முதல் பக்கத்தைக் காப்பாற்றுவது உலகத்தைக் காப்பாற்றுவதைவிட முக்கியம் என்று நினைத்தேன். ஐந்து மாவீரர்களை உருவாக்கினேன். பம்பாய்ப் புத்தகத்தில் இருந்ததுபோல ஆளுக்கொரு ஜட்டி, முதுகில் தொங்கும் துணி. புஜபலம் தெரிய உடம்பெல்லாம் மினுமினுப்புத் தீட்டினேன். ஒருவன் கண்ணுக்குத் தெரியாதவன், அவனுக்குப் புள்ளிக்கோடு. மாடமாளிகை வரைய வராததால், போரைக் குற்றாலம் மெயினருவியில் வைத்தேன். அருவிக்கு நேர்கோடு போதும். வில்லனுக்குத் தொப்பியும் கையில் கம்பும். மிஞ்சிய நாலு பக்கத்தில், இந்த ஐந்து பேருக்கும் இட்லி அவித்தே ஓய்ந்துபோகும் சமையல்காரனைப் பற்றி ஒரு சிரிப்புக் கதை.

இதழ் ஊரெல்லாம் சுற்றி வீரகேரளம்புதூரில் போய் நின்றது. வாங்கிவர நானே போனேன். திரும்பும் பஸ்ஸில் கடைசித் தாளைத் திருப்பினேன்.

‘குற்றாலக் குளியல் படங்கள் தத்ரூபம். ஐவரும் எந்த ஊர்?’

‘எண்ணெய்க் குளியலின் மினுமினுப்பை நன்றாகக் காட்டியுள்ளார். துண்டை முதுகில் கட்டிக்கொண்டு குளிப்பது புது யோசனை.’

‘நாலாவது ஆளைப் பாதியில் விட்டது ஏன்? மை தீர்ந்துவிட்டதா?’

‘வரிசையை ஒழுங்குபடுத்தும் போலீஸ்காரரை ஐந்து பேர் சேர்ந்து அடிப்பது கண்டிக்கத்தக்கது. ஆனாலும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.’

சிரிப்புக் கதைக்கு ஒரே ஓர் அபிப்பிராயம். அச்சன்புதூரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர் எழுதியிருந்தார்: ‘இதெல்லாம் நான் பட்டது. படித்துவிட்டுக் கடையை அரை நாள் அடைத்துவிட்டேன்.’

தாளைக் கிழித்து ஜன்னல் வழியாக விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். ஊர் நெருங்கிக்கொண்டிருந்தது. விரலால் பிடித்த பிறகுதான் உறைத்தது. தாள்களை இரண்டாக மடித்து நடுவில் நூல் போட்டுத் தைத்த பத்திரிகை அது. கடைசிப் பக்கத்தை உருவினால் முதல் பக்கமும் கூடவே வரும். முதல் பக்கத்தில் என் ஐந்து வீரர்களும் மார்பை விரித்து நின்றார்கள். கீழே கொட்டை எழுத்தில் என் பெயர். ஒரு பக்கம் என் மானம், மறுபக்கம் என் படம். படத்தை விட மனசு வரவில்லை.

ஆசிரியர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, கடையில் நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார். சேலை எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

“ஏலே, ஒப்புக்கிட்டாங்கலே! மொதப் பக்கம் ஒனக்குத்தான்.”

“அண்ணாச்சி, அவங்க அத குளிக்க வந்த ஆளுங்கன்னு நெனச்சிட்டாங்க.”

“நெனச்சிட்டுப் போறாங்க. சிரிச்சாங்களா இல்லியா? இன்னமே ஒனக்கு ஹாஸ்யந்தான்.”

“ஹாஸ்யம் எழுத எனக்கு வராது அண்ணாச்சி. அந்த இட்லிக் கதையப் பாத்தியள்லா?”

“பாத்தேன், பாத்தேன். நீ ஹாஸ்யமா ஒண்ணும் எழுதாண்டாம்” என்றார் அவர், அளவுகோலை எடுத்துக்கொண்டே. “எப்பவும்போல சீரியஸாவே எழுது.”