நிற்காத வாளி

சிவப்புச் சாயம் அடித்த தகர வாளி அது. அடிப்பாகம் குவிந்திருக்கும். தரையில் வைத்தால் நிற்காது; ஒருபக்கமாகச் சாய்ந்து உருண்டுவிடும். முதன்முதலில் அதை எங்கள் பி.டி.ஓ.வின் கையில்தான் பார்த்தேன். ஏதோ தானே பெற்றெடுத்தது போன்ற பூரிப்போடு அலுவலக வாசலில் நின்று திருப்பித் திருப்பிக் காட்டினார். "ஏன் இப்டி அடி வெச்சிருக்கு தெரியுமாம்மா? தட்டையா இருந்தா இந்த ஜனங்க ஊட்டுக்குத் தூக்கிக்கினு போயிடுவாங்க. இத வெச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். ஒன்றும் பண்ண முடியாத ஒரு பொருளை ஜனங்களுக்குக் கொடுப்பதில் ஒரு மனிதருக்கு இத்தனை சந்தோஷம் இருக்குமென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நான் அப்போது கிராம சேவிகா. ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நகரியைச் சுற்றியிருந்த தமிழ்க் கிராமங்கள் சென்னையோடு போகுமா, சித்தூர் ஜில்லாவிலேயே இருக்குமா என்பது முடிவாகாத சமயம். மற்றவர்களுக்கு அது கவலை. எங்கள் அதிகாரிக்கு அது வரப்பிரசாதம். பள்ளிக்கூடத்துக்குக் கூரை கேட்டாலும், வாய்க்காலுக்கு மதகு கேட்டாலும், "சரிஹத்து தேலனி, தர்வாத சூத்தாம்" என்பார். எல்லை தீரட்டும், அப்புறம் பார்க்கலாம். நாளைக்கு வேறு மாநிலத்துக்குப் போகப்போகிற ஊருக்கு நம் சிமெண்டு எதற்கு என்பது அவர் கணக்கு. அப்படித்தான் ஒரு கிராமத்தின் சேரியில் வெட்ட ஆரம்பித்த கிணறு இரண்டு ஆள் ஆழத்தோடு நின்றது. அந்த ஜனங்கள் ஊர்க் கிணற்றைத் தொட முடியாது. ஏரிக்குப் போய்க் குடத்தில் தூக்கி வந்தார்கள்.

தீ, வெள்ளம் என்று எது வந்தாலும் கிராமங்கள் தயாராக இருக்க வேண்டுமென்று மேலிருந்து உத்தரவு வந்ததும் மனிதர் சுறுசுறுப்பாகிவிட்டார். அந்தக் கிராமத்தில் ஒரு ஆபத்துதவிக் கமிட்டி போட்டார். தலைவர் மணியக்காரர், உறுப்பினர்கள் அவருடைய மச்சான்மார். ஆறு சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பி, மணியக்காரர் வீட்டு வாசலில் கம்பு நட்டு மாட்டினார். அந்தத் தெருவில் இருந்ததெல்லாம் ஓட்டு வீடு. கரும்புத் தோகை வேய்ந்த குடிசைகள் கழனி தாண்டிச் சேரியில் இருந்தன. நெருப்பு எங்கே பிடிக்கும் என்று யோசிக்க ஆள் கூலி ஒன்றும் ஆகாது. ஆனாலும் அவர் யோசிக்கவில்லை.

சேரி ஜனங்களிடம் அவர்களுடைய ஏற்பாடு ஒன்று இருந்தது. பங்குனி பிறந்ததும் நாலு குடிசைக்கு ஒரு குடிசையின் கூரையை முழுக்கப் பிரித்துவிடுவார்கள். அந்தக் குடும்பம் ஆடி வரைக்கும் பக்கத்து வீட்டிலோ புளியமரத்தடியிலோ காலம் தள்ளும். அடுத்த வருஷம் வேறு வீட்டின் முறை. நெருப்புப் பிடித்தால் மொட்டைச் சுவரோடு நின்றுவிடும், தாண்டாது. அந்த வருஷம் கோவிந்தம்மா என்கிற கரும்பு வெட்டும் பெண்பிள்ளை தன் வீட்டை ஒட்டிய குடிசையின் கூரையைப் பிரிக்கும்படி கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தாள். அவள் புருஷன் வாதம் வந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தான். பகலெல்லாம் அவள் கழனியில் இருப்பாள். நெருப்பு வந்தால் அவனால் எழுந்திருக்க முடியாது.

கமிட்டியின் தயார் நிலையைப் பார்க்கக் கலெக்டர் வருவதாகச் செய்தி வந்தது. பி.டி.ஓ. சேரி வழியாக ஜீப்பில் போய்ப் பார்த்தார். பல்லுப் போன வாய் மாதிரி நின்ற குடிசைகள் அவர் கண்ணை உறுத்தின. என்னைக் கூப்பிட்டு, முன்மாதிரிக் கிராமத்தில் இந்த அலங்கோலம் என்ன, எல்லாக் கூரையையும் வேயச் சொல் என்றார். ஏன் பிரித்திருக்கிறார்கள் என்று சொன்னேன். படிப்பறிவில்லாதவர்கள் எதையாவது சொல்வார்கள், அதற்குத்தானே வாளி கொடுத்திருக்கிறோம் என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. அவரை இவ்வளவு ஏசுகிறவள் அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயம்.

சேரிக்குப் போனேன். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். கோவிந்தம்மா மட்டும் வழியை மறித்து நின்றாள். "சேவிகம்மா, அந்தக் கூரைய மேஞ்சிட்டா எங்க ஊட்டுக்காரன யாரு தூக்கிக்கினு ஓடறது? நீ வருவியா?" என்று கேட்டாள். கலெக்டர் வந்து போனதும் மறுநாளே பிரித்துக்கொள்ளலாம் என்று என் பெயரில் வாக்குக் கொடுத்தேன்.

கலெக்டர் வந்தார். ஓட்டு வீட்டுத் தெருவில் வைக்கோலைக் குவித்துக் கொளுத்தினார்கள். மணியக்காரரின் மச்சான் இரண்டு வாளி மணலைக் கொட்டினார். அணைந்தது. கைதட்டினார்கள். நெருப்பே வெட்கப்பட்டு அணைந்திருக்கும். கூரையைப் பிரிக்கலாமா என்று மறுநாள் பி.டி.ஓ.விடம் கேட்டேன். தலைநகரிலிருந்து இன்னும் பெரிய அதிகாரிகள் இந்த முன்மாதிரிக் கிராமத்தைப் பார்க்க வரப்போகிறார்கள், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்றுவிட்டார். அந்தப் பெரிய அதிகாரிகள் கடைசிவரை வரவில்லை.

நெருப்பு வந்தது. சித்திரை மாதம், உச்சிப் பொழுது, மேல்காற்று. யாரோ அணைக்காமல் போன அடுப்பு. ஆண்களும் பெண்களும் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். புதிதாக வேய்ந்த கூரை ஒவ்வொன்றும் நெருப்பை வாங்கி அடுத்ததற்குக் கொடுத்தது. வீட்டிலிருந்த சிலர் வாளிக்கு ஓடினார்கள். ஆறு வாளி மணல் ஒரு குடிசையின் பாதிக் கூரைக்கும் காணவில்லை. பிறகு ஏரித் தண்ணீரை மொண்டு வந்து கீழே வைத்தால் வாளி சாய்ந்து எல்லாம் கொட்டிற்று. கோவிந்தம்மா கழனியிலிருந்து ஓடிவந்தபோது அவள் வீடு இருந்த இடத்தில் சுவர்தான் இருந்தது. அவனை வெளியே தூக்கிவர ஆளில்லை.

மறுநாள் பி.டி.ஓ. வந்தார். மூக்கில் கைக்குட்டை. முதலில் அவர் கேட்டது, ஆறு வாளியும் பத்திரமாக இருக்கிறதா என்று. ஐந்துதான் இருந்தது. அதற்கு முகம் சுளித்தார். பயிற்சி கொடுத்தபடி ஜனங்கள் உபகரணங்களைப் பயன்படுத்தவில்லை என்று என்னை அறிக்கை எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவர் மேல் எனக்கிருக்கும் அருவருப்பில் ஒரு பங்கை அன்றிலிருந்து எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆறாவது வாளி ஒரு வாரம் கழித்து அலுவலகத்துக்கு வந்தது. கோவிந்தம்மா கொண்டுவந்தாள். நேராக உள்ளே போய் அதை அவர் மேசையில் வைத்தாள். அது உருண்டு மைக்கூட்டைத் தட்டிவிட்டது. மை கோப்புகளின் மேல் ஓடியது. "நிக்காத வாளி குடுத்த. நின்னுக்கினு இருந்த எங்க ஏற்பாட்டக் கெடுத்த. அந்தக் கெணத்தயாவது வெட்டிக் குடு" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவர் மையைப் பார்த்துக்கொண்டே, "சரிஹத்து தேலனி" என்றார். கொஞ்சமும் வெட்கமில்லை. தினமும் சொல்வதைச் சொன்னார், அவ்வளவுதான். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எல்லை தீர்ந்தது. அந்த ஊர் எங்கேயும் போகவில்லை, சித்தூர் ஜில்லாவிலேயே இருந்தது. பி.டி.ஓ.வுக்குத்தான் பதவி உயர்ந்து திருப்பதிக்கு மாற்றலாயிற்று. அங்கே ஆபத்துக் காலத்தில் ஜனங்களைக் காப்பது எப்படி என்று மற்ற அதிகாரிகளுக்கு வகுப்பெடுத்தார் என்று கேள்விப்பட்டுச் சிரித்தேன்.

நான் மறுபடி அந்தச் சேரிக்குப் போக ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பங்குனி மாதம். நாலு குடிசைக்கு ஒன்று மொட்டையாக நின்றது. கிணற்றை அவர்களே வெட்டி முடித்திருந்தார்கள். கோவிந்தம்மா நீர் இறைத்துக்கொண்டிருந்தாள். கயிற்றின் முனையில் அந்தச் சிவப்பு வாளி. தண்ணீரைத் தொட்டதும் தானாகச் சாய்ந்து ஒரே முழுங்கில் நிறைந்தது. தட்டையான வாளியை ஆட்டி ஆட்டித்தான் மூழ்கடிக்க வேண்டும். தாகமாக இருக்கிறது என்றேன். கையைக் குவிக்கச் சொல்லி ஊற்றினாள். "அன்னிக்கி இன்னா எழுதிக் குடுத்த சேவிகம்மா?" என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். நான் குடித்து முடிக்கும்வரை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

போன மாதம் பென்ஷன் விஷயமாகச் சித்தூரில் ஒரு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். சுவரில் வரிசையாக மாட்டிய சிவப்பு வாளிகள், பளபளவென்று. மணலில் பீடித் துண்டும் வெற்றிலை எச்சிலும். ஒன்றைக் கழற்றித் தரையில் வைத்துப் பார்த்தேன். உருண்டது. பியூன் பையன் சிரித்துக்கொண்டே ஓடிவந்து எடுத்து மாட்டினான். "அது நிக்காதும்மா. இத வெச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாது" என்றான்.

"பண்ணலாம்பா. அதுக்கு ஒரு கெணறு வேணும்" என்றேன்.